முதுகில் சிரித்தவன்

"உனக்கு மூச்சு இரைக்குதும்மா. அடுத்த வருஷம் ஓடிக்கலாம்" என்றார் பயிற்சியாளர்.

"இந்த வருஷமே ஓடணும் சார். ஒரு கணக்கு தீர்க்க வேண்டியிருக்கு."

பெயர்ந்த கால் நகத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு மறுபடியும் ஓடினாள்.

இதயநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் மாரத்தான் அது. ஓடுகிறவர்கள், தாங்கள் பறிகொடுத்தவரின் படத்தைப் பனியனின் முதுகில் அச்சடித்துக்கொள்வார்கள். அவள் முதுகில் அவள் கணவன் சிரித்தான். கீழே, 'என் கணவரின் நினைவாக'. பார்த்தவர்கள் உச்சுக்கொட்டிக்கொண்டே நிதி கொடுத்தார்கள்.

"பாவம், சின்ன வயசு" என்றார் பயிற்சியாளர். அவள் ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

பந்தயத்தன்று நொண்டிக்கொண்டே, கடைசி ஆளாக எல்லைக்கோட்டைத் தாண்டினாள். வெளியூரிலிருந்து வந்திருந்த சிறப்பு விருந்தினர், புது மனைவி சகிதம் மேடையில், ஓடி முடித்தவர்களுக்குப் பதக்கம் மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். மேடையேறி வந்த அவளைக் கண்டதும் அவர் முகம் வெளிறியது.

அவள் நிதானமாகத் திரும்பி, முதுகைக் காட்டி நின்றாள்.

"இப்படியே மாட்டி விடுங்க சார்."

புது மனைவி படத்தையும் அதன் கீழிருந்த வரியையும் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஏங்க, இது நீங்கதானே? எனக்கு இதுதான் முதல் கல்யாணம்னு சத்தியம் பண்ணீங்களே!"