குளக்கரையில் ஒரு மலை

ஞாயிறுதோறும் குளக்கரையில் கூடிப் படம் வரைவது அந்த ஊர் மிருகங்களின் வழக்கம். எருமைதான் முதல் ஆளாக வந்து, முன்னால் நல்ல இடமாகப் பார்த்து உட்காரும். வெளிக்காற்று பட்டால் கற்பனை கொட்டும் என்று யாரோ அதனிடம் சொல்லியிருந்தார்கள்.

கற்பனை கொட்டவில்லை. ஈதான் மொய்த்தது. பின்னால் அணிலும் கொக்கும் ஆடும் வரைந்து தள்ளின. இன்றும் வெறுந்தாளைக் காட்டினால் மானம் போய்விடும் என்று எருமைக்கு வியர்த்தது.

கடைசியில் படங்களை மரத்தடியில் மாட்டின. மூன்றிலும் ஒரே மலை. கறுகறுவென்று குளத்தையே மறைத்துக்கொண்டு, உச்சியில் வளைந்த இரண்டு மரங்களோடு நின்றது.

"அடேயப்பா, என்ன அழகு! இந்த மலையை எங்கே பிடிச்சீங்க?" என்றது எருமை.

"இங்கேதான் அக்கா. காலையிலேர்ந்து நகரவே இல்லை," என்றது ஆடு.

"என் கண்ணுல படலையே!"

"நீங்க முன்னாடி உட்கார்ந்துட்டீங்க," என்றது அணில், பக்குவமாக.

அடுத்த ஞாயிறு எருமை எல்லோருக்கும் பின்னால் போய் உட்கார்ந்தது. வெயில் ஏறியும் மலை வரவில்லை.

"நான் வரைய வந்தா மட்டும் அதுக்கு ஆகாது," என்று முனகிக்கொண்டே எருமை தாளைத் தின்றுவிட்டது.