ஆஃப்ரீனைக் குளிப்பாட்ட ஒருத்தி

கதீஜா மாமி ஒரு ஜோடி கையுறையை என்னிடம் நீட்டினார்.

“சட்டைக் கைய முழங்கைக்கு மேல ஏத்திக்கிட்டு வா ஹஸீனா. கூடப்பொறந்தவ நீதான் தண்ணி ஊத்தணும். கிளவுஸ் இருக்குலா, ஒன்னும் ஆகாது.”

ஈஜோக்கில் எங்கள் வீட்டின் பின்பக்கம் நீலத் தார்பாய் கட்டி மறைத்திருந்தார்கள். உள்ளே பலகையில் என் தங்கை ஆஃப்ரீன். முப்பத்தொரு வயது. அவளுக்கு எச்.ஐ.வி. என்கிற செய்தி, ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வருவதற்கு முன்பே ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது.

உம்மா இல்லை. மய்யத்தைக் குளிப்பாட்ட மாமிக்கு இன்னொரு பெண் வேண்டும். உறவுக்காரப் பெண்களுக்குத் திடீரென்று சமையலறையில் வேலை வந்துவிட்டது.

நான் என் பாஜு கூரோங்கின் நீளச் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாப்பாவுக்குப் பிறகு சாப்பாட்டுக் கடையை நடத்துவது நான்தான். அதைச் சொன்னேன்.

“கடையில சமைக்கிற கை மாமி. நாளைக்கு ஆளுங்க சாப்பிட வர மாட்டாங்க.”

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. பெரியம்மா முதுகைத் தடவிக் கொடுத்தார். போதை ஊசியில் விழுந்து குடும்ப மானத்தை வாங்கியவளுக்கு இத்தனை வருடம் நான் சோறு போட்டதே பெரிது என்றார்.

கடைசியில் பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா, எங்கள் மக்சிக், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். அவருக்கும் ஒரு குவே பலகாரக் கடை இருக்கிறது.

தார்பாய்க்கு வெளியே நின்று தண்ணீர் விழுவதைக் கேட்டேன். வெட்கமாக இருந்தது. செத்துப்போகலாம் போல வெட்கமாக இருந்தது.

அந்த நோய்க்கு நான் பயப்படவில்லை. எட்டு வருடமாக, என்னைத் தெரிந்தவர் யாருமில்லாத சபாக்வரை போய் அதற்கு மாத்திரை வாங்கி வருகிறேன். கையை ஏற்றினால் தழும்புகள் தெரிந்துவிடும்.

கடை மாடி அறையின் கதவை வாப்பா தள்ளித் திறந்த அன்று, ஊசி ஆஃப்ரீன் கையில் இருந்தது. அடி முழுவதும் அவளுக்கே விழுந்தது. கடைசிவரை அவள் என் பெயரைச் சொல்லவில்லை.

எங்களிடம் இருந்தது ஒரே ஊசி.

எப்போதும் முதலில் எனக்கு. நான் மூத்தவள்.