கண்ணாடி எதுக்கு இருக்கு?

இடிச்சது காளிராஜ்தான். அதுல ஒளிவுமறைவே கிடையாது.

திருத்தங்கல்ல காலண்டர் லோடு ஏத்தப் போன இடத்துல, குடோன் வாசல்ல லாரிய ரிவர்ஸ் எடுத்தான். எறங்கி ஒரு எட்டு பின்னால போய்ப் பாத்திருக்கணும். பாக்கல. சின்டெக்ஸ் டேங்க் நின்ன தூணுல கொண்டுபோய் முட்டிட்டான். டேங்க் கவுந்து, அம்புட்டுத் தண்ணியும் கட்டுக்கட்டா அடுக்கி வச்சிருந்த காலண்டர் மேல கொட்டிருச்சு. இன்னும் பொறக்காத வருசம், அதுக்குள்ள நனைஞ்சு ஊறிப் போச்சு.

ஆளுக யாருக்கும் அடியில்ல. அந்த மட்டுக்கும் சாமி புண்ணியம்.

சிவகாசிக்குத் திரும்பி வர்ற வழியெல்லாம் அவனுக்கு வேலை நெனப்புத்தான். ஹெவி லைசென்ஸ் எடுத்து லாரி ஏறி இன்னும் ஒரு சீசன்கூட முடியல. இந்த வேலை போனா மறுபடி பட்டாசுக் கம்பெனிதான், மருந்து கலக்குற ரூம்தான். அந்த ரூம்ல கூட்டாளி ஒருத்தன் கருகிக் கெடந்தத கண்ணால பாத்தவன் அவன். "லாரி ஓட்டுனா முழுசா வீடு வந்து சேருவீக"ன்னு சொல்லி, லைசென்ஸ் எடுக்க வச்சதே பொண்டாட்டி பாண்டிலட்சுமிதான்.

ஷெட்டுல முதலாளி இராமகிருஷ்ணன் அண்ணாச்சி, புதுசா வாங்குன கார் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தாரு. குடோன்காரங்க போன்லயே எல்லாத்தையும் சொல்லிட்டாக.

"எறங்கிப் பாத்தியாலே?"

"இல்ல அண்ணாச்சி."

"பின்னால ஒரு ஆளயாவது நிப்பாட்டுனியா?"

"லோடுமேன்க எல்லாரும் உள்ள இருந்தாக. தப்பு என்மேலதான் அண்ணாச்சி."

ரிவர்ஸ் எடுக்கையில பின்னால பாக்க லாரிக்கு ஒரு கிளீனரப் போட்டுக் குடுங்கன்னு வேலைக்குச் சேந்த புதுசுலயே அவன் கேட்டவன்தான். அண்ணாச்சி சிரிச்சாரு. ரெண்டு பக்கமும் கண்ணாடி எதுக்கு இருக்கு, அதப் பாத்து வண்டி எடுக்கத் தெரியாதவன் எதுக்குலே டிரைவர்னு கேட்டாரு. சோறு போடுற மனுசன்கிட்ட எம்புட்டுத்தான் வாதாட முடியும்?

இவனுக்கு முன்னால அந்த லாரிய ஓட்டுன புது டிரைவரும் ரிவர்ஸ்ல இடிச்சுத்தான் வேலையிலிருந்து போனான். அதுக்கு முந்தினவனும் அப்படித்தான். ஊருல கேட்டா, இப்ப வர்ற டிரைவருகளுக்குப் பொறுப்பு பத்தாதும்பாக.

கிளீனர் கேட்ட பழசக் காளிராஜ் இப்பவும் சொல்லிக்காட்டல. சொன்னா திமிருன்னுதான் பேராகும்.

அண்ணாச்சி சத்தம் போடல. கைய நீட்டி லாரிச் சாவிய வாங்கிக்கிட்டாரு.

"பின்னால பாக்காம எடுக்குறவன் கையில வண்டியக் குடுத்துட்டு நான் எப்படிலே நிம்மதியா இருப்பேன்? வேற பொழப்பு பாத்துக்க."

காளிராஜ் கெஞ்சிப் பாத்தான். பாண்டிலட்சுமியச் சொன்னான், மருந்து ரூமச் சொன்னான், இந்த ஒரு தடவ மன்னிச்சிருங்கன்னான். அண்ணாச்சி காதுலயே வாங்கல. காருக்குள்ள ஏறி உக்காந்து கதவ அடைச்சுட்டாரு.

துண்ட எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு கேட்டைப் பாத்து நடந்தான். சட்டைப் பையில போன் அடிச்சது. பாண்டிலட்சுமிதான். எடுத்து என்னத்தச் சொல்ல? அடிச்சு ஓயட்டும்னு விட்டுட்டான்.

"ஏலே காளி, நில்லு."

அண்ணாச்சி குரல்தான். மனசு எறங்கிட்டாரு. என்ன இருந்தாலும் அவரும் புள்ளகுட்டிக்காரருதான! காளிராஜுக்குக் கண்ணு கலங்கிருச்சு. ஓட்டமா ஓடிவந்து கார்கிட்ட கையக் கட்டிக்கிட்டு நின்னான்.

அண்ணாச்சி கண்ணாடிய எறக்கித் தலைய வெளிய நீட்டுனாரு.

"கார ரிவர்ஸ் எடுக்கணும், பின்னால நின்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுலே. கண்ணாடியும் இருக்கு, கேமராவும் இருக்கு. இருந்தாலும் ஒரு ஆளு நின்னு சொன்னாத்தான் எனக்குத் தைரியம்."