நாற்பத்தைந்துக்கு ஒன்று

ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர் வெர்னன் நோயாளிகளின் பெயரைச் சொல்லி ஜெபித்துக்கொண்டிருந்தார். இடுப்பு முறிந்த பெர்னீஸ், கீமோ எடுத்துக்கொள்ளும் தபால்காரர் மெர்ல். ஒவ்வொரு பெயருக்கும் சபை ஆமென் சொன்னது. கடைசியாக, பிரசாரத்தில் மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஹார்ட்விக்குக்கும் சுகம் கொடும் ஆண்டவரே என்றார்.

ஆமென் வரவில்லை.

ஹார்ட்விக் எங்களுக்கு ஆகாத அந்தக் கட்சியின் வேட்பாளர். கவர்னர் தேர்தலுக்கு மூன்று வாரம் இருந்தது. இண்டியானாவில் எங்கள் ஊர்ப் பக்கம் அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் இருந்தால், அதை வீட்டில்கூடச் சொல்ல மாட்டார்கள்.

வெளியே கார்களுக்கு நடுவில் மூத்த டீக்கன் டுவேன் ஆரம்பித்தார்.

"கர்த்தரே அந்தாளுக்கு ஒரு வழி பண்ணிட்டிருக்காரு. இவரு எதுக்குக் குறுக்க பூந்து கெடுக்கிறாரு?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

சபை நிர்வாகிகளான டீக்கன்கள் கூடி, அடுத்த ஞாயிறு பாஸ்டரை மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். யாரிடம் என்று பாஸ்டர் கேட்டாராம். அதோடு பேச்சு முறிந்தது. அவரை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று சபை ஓட்டெடுப்பது என்று முடிவாயிற்று. எங்கள் சபையில் பாஸ்டரை நியமிப்பதும் நீக்குவதும் அங்கத்தினர்களின் சீட்டுதான். சபைச் செயலர் என்பதால் இரண்டு ஞாயிறு அந்த அறிவிப்பை வாசித்தவள் நான்.

பாஸ்டருக்கு அறுபத்துமூன்று வயது. இருபத்திரண்டு வருடமாகச் சபை கொடுத்த வீட்டில்தான் இருக்கிறார். நீக்கினால் ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும். அந்த வயதில் எந்தச் சபையும் புதிதாக எடுக்காது.

அந்த இரண்டு வாரமும் அவர் வீட்டுக்கு ஆள் வந்தபடி இருந்தது. ஆப்பிள் பை, பூசணி ரொட்டி. எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: மற்றவர்கள் எப்படியோ, நாங்கள் உங்கள் பக்கம், வெளியே சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். பத்தொன்பது பேர் சொல்லிவிட்டார்கள் என்று அவர் மனைவி கோராலீ என்னிடம் சொன்னாள். இன்னும் நாலைந்து பேர் சேர்ந்தால் வீடு தங்கும்.

ஓட்டெடுப்பு முடிந்ததும், ஞாயிறு பள்ளி அறையில் பிள்ளைகளின் குட்டை மேஜையில் சீட்டுகளைக் கொட்டி நானும் டுவேனும் எண்ணினோம். போகட்டும். போகட்டும். போகட்டும். இருபதைத் தாண்டியபோது டுவேன் எண்ணுவதை நிறுத்தி மீதிச் சீட்டுகளைப் பார்த்தார். அவரே இதை எதிர்பார்க்கவில்லை.

மொத்தம் நாற்பத்தாறு. நாற்பத்தைந்து போகட்டும். ஒன்று, பெரிய எழுத்தில், இருக்கட்டும்.

டுவேன் அந்தச் சீட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்களுதா சிஸ்டர்?"

"அதைக் கேக்கக் கூடாதுன்னுதான சீட்டு எழுதறோம்."

நான் கணக்கை வாசித்தபோது எல்லாரும் அடுத்தவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பாஸ்டர் மட்டும், நாற்பத்தைந்தா என்று ஒரு முறை கேட்டார். கூட்டத்தை முடித்து ஆசீர்வாதம் சொல்ல வேறு ஆள் இல்லை. அவரே எழுந்து சொன்னார்.

வீடு காலி செய்த சனிக்கிழமை உதவிக்குச் சபையே வந்தது. எங்கள் ஊரில் யார் வீடு மாறினாலும் அப்படித்தான். நான் சமையலறையில் தட்டுகளைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து மளிகைச் சாமான் அறையில் லூவான் பாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அந்த ஒத்த ஓட்டு நான் போட்டது பாஸ்டர். உங்களுக்குத் தெரியணும்."

பாஸ்டர் அவள் தோளைத் தட்டி நன்றி சொன்னார்.

அரை மணி கழித்து மெர்ல் வந்தார். அதே வார்த்தை. பிறகு பெர்னீஸ், ஊன்றுகோலோடு. பிறகு டுவேனின் மனைவி. பதினோரு மணிக்குள் ஆறு பேர் ஆகிவிட்டது. ஏழாவதாக டுவேனே தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தபோது என் கையிலிருந்த தட்டு நழுவி உடைந்தது.

அவர்கள் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. அட்டைப் பெட்டியை ஒட்டிக்கொண்டிருந்த கோராலீயிடம் சொன்னேன்.

"ஒரே ஒரு ஓட்டுக்கு இத்தனை பேர். சபைக்குள்ள இருந்துக்கிட்டு எப்படித்தான் வாய் வருதோ."

கோராலீ தலை நிமிராமல் சிரித்தாள்.

"என்னைக் கேட்டா, நானே போகட்டும்னுதான் எழுதினேன். இந்த ஊர்லயே இந்த மனுஷன் இத்துப் போறத நான் பாத்துக்கிட்டிருக்கணுமா?"

நான் பாஸ்டரைப் பார்த்தேன். அவருக்கு அது முன்னமே தெரியும் போலிருந்தது. உடைந்த தட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அந்த ஒண்ணு என்னோடது, சிஸ்டர்," என்றார். "நானும் அங்கத்தினர்தானே. எனக்கும் ஒரு சீட்டு குடுத்தாங்க."

வந்த ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னீர்களே என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"வேற என்ன சொல்றது? அழறாங்க."

சொல்லிவிட்டு அவர் என் முகத்தைப் பார்க்காமல் துண்டுகளைக் குப்பையில் போடப் போனார்.

ஓட்டெடுப்பு நடந்த அன்று சாயங்காலமே, அந்த ஏழு பேருக்கும் முன்னால், அதே வார்த்தையை அவரிடம் வந்து சொன்னவள் நான்.