ராணியின் கோப்பை

'டணார்!'

எவர்சில்வர் தட்டில் கரண்டி விழுந்த சத்தத்தில் மாடி வீட்டுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலையில் இருந்த அட்டைத் தொப்பி நழுவி மூக்கின் மேல் வந்து நின்றது.

"பனிமலை அரண்மனை திறந்தாச்சு. வீரர்களே, வாங்க வாங்க!" என்றபடியே கீழ்வீட்டு டீச்சர் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

ஜன்னல்களில் கறுப்புத் துணி. மூலைக்கு மூலை மெழுகுவர்த்தி. டீச்சரின் பத்து வயது மகள் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டே தூங்கும் மாயக்கதைப் புத்தகம் அப்படியே கூடத்தில் வந்து இறங்கியிருந்தது. இன்று அவளுக்குப் பிறந்தநாள்.

"பிறந்தநாள் விருந்துன்னீங்க, ஒரு குழந்தையைக்கூடக் காணோமே டீச்சர்?" தையல்கடை அக்கா கேட்டார்.

"அவங்களுக்கு நாளைக்கு. இன்னைக்குப் பெரியவங்களுக்கு மட்டும்."

"நல்லதாப் போச்சு. இந்த வேஷத்துல என் பசங்க பார்த்தா மானம் போயிடும்" என்று பல் டாக்டர் அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

மாடி வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார். பல் டாக்டர், தையல்கடை அக்கா, கராத்தே மாஸ்டர், வக்கீல், அப்புறம் அவர். கட்டடத்தில் இருபது குடித்தனம் இருக்க, ஏன் இந்த ஐந்து பேர் மட்டும்?

பதில் தட்டுப்பட்டது. ஐந்து பேரிடமும் இருப்பது வெள்ளைக் கார்.

கட்டடத்துக் கார்கள் மட்டும் வந்துபோகும் முட்டுச்சந்து. போன மாதம், கொட்டும் மழை. 'டம்' என்று ஒரு சத்தம். கண்ணாடியில் பின்னால் பார்த்தபோது, கவிழ்ந்து கிடந்த சைக்கிளின் சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் நிறுத்தவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து, ஆரஞ்சுப் பழப் பையோடு ஆஸ்பத்திரியில் டீச்சர் மகளின் கட்டிலருகே முதல் ஆளாக நின்றவரும் அவர்தான். உடைந்த முகப்பு விளக்கை வெளியூரில் மாற்றியாகிவிட்டது. வெள்ளைக் கார் என்பதைத் தவிரச் சிறுமிக்கு வேறெதுவும் நினைவில்லை.

"கதை தெரியும்ல?" டீச்சர் மெழுகுவர்த்தியைக் கையில் எடுத்தார். "ராணியைக் காயப்படுத்தினது யாருன்னு யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு வீரனா உள்ளே போய் அவ குடுக்கிற கோப்பையைக் குடிக்கணும். நல்லவனுக்கு இனிக்கும். துரோகிக்குக் கசக்கும். எப்படி இருந்துச்சுன்னு அவ காதுல மட்டும் சொல்லணும். அடுத்த மணி அடிக்கிற வரைக்கும் வெளியே யாரும் மூச்சு விடக் கூடாது."

"கசந்தா என்ன பண்ணுவாங்க?" என்றார் மாஸ்டர்.

"கதையில தலையை வெட்டிடுவாங்க" என்றார் டீச்சர், சிரிக்காமல்.

முதலில் பல் டாக்டர் போனார். நீலத் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்ததும் மேஜையில் இருந்த மிட்டாய் ஒன்றை அவசரமாகப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார். ஊருக்கெல்லாம் மிட்டாய் கூடாதென்று உபதேசம் செய்கிற மனுஷன்! அந்த நிலையிலும் மாடி வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்தது.

தையல்கடை அக்கா இரண்டு மிட்டாய் எடுத்தார். மாஸ்டர் ஒரு கைப்பிடியே அள்ளினார். வக்கீலும் வந்து கிண்ணத்தைத் துழாவினார்.

கடைசியாக இவர் முறை.

உள்ளே சிறுமி வெள்ளிக் காகிதக் கிரீடத்தோடு கட்டிலில் சாய்ந்திருந்தாள். மாவுக்கட்டுப் போட்ட கால் தலையணை மேல் இருந்தது. கட்டு முழுக்கக் கையெழுத்துகள். நடுவில், எல்லாவற்றையும்விடப் பெரிதாக, 'சீக்கிரம் ஓடி விளையாடணும். மாடி மாமா.'

"குடிங்க மாமா" என்று கோப்பையை நீட்டினாள்.

வெறும் விளையாட்டு என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டே ஒரே மடக்காக ஊற்றிக்கொண்டார். கசப்பு நாக்கில் ஏறி, தொண்டையை அடைத்து, காது வரைக்கும் போயிற்று. எப்படி? மற்றவர்கள் நால்வரும் ஒரு பேச்சுப் பேசாமல்தானே வந்தார்கள்?

வராத புன்னகையை வரவழைத்துக்கொண்டு அவள் காதருகே குனிந்தார். "இனிப்பா இருக்கு."

"நிஜமாவா மாமா?"

"தேன் மாதிரி இருக்குடா கண்ணு."

அவள் காலிக் கோப்பையை வாங்கி, மற்ற நான்கோடு சேர்க்காமல் தனியாக வைத்தாள்.

வெளியே வந்தவருக்கு நாக்கு எரிந்தது. மிட்டாய்க் கிண்ணம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுத்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று இரண்டு கைகளையும் இறுகக் கட்டிக்கொண்டார். நெற்றி வியர்வை சொட்டியது. ஆனாலும் ஒரு நிம்மதி. சமாளித்தாகிவிட்டது.

'டணார்!'

டீச்சர் திரையை முழுதாக விலக்கினார். "சொல்லு ராணி. யாருன்னு தெரிஞ்சுதா?"

அறையில் மெழுகு உருகும் மணம் மட்டும் இருந்தது. சிறுமி அம்மாவைப் பார்க்கவில்லை. அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது.

"அஞ்சு கோப்பையிலயும் ஒரே கசப்புதான் மாமா... நீங்க மட்டும் ஏன் இனிக்குதுன்னு சொன்னீங்க?"