அழுகுணி ஆட்டம்

"சின்ன வயசுல இருந்தே நீ அழுகுணி ஆட்டக்காரன்டா. பாம்பு வாயில நிக்கிற காயை நைசா நகர்த்திடுவே. இன்னிக்குக் கையும் களவுமாப் பிடிக்கிறேன் பாரு" என்றார் அண்ணன்.

"பிடியேன். அதுக்குத்தானே பழைய பலகையைத் தூக்கிட்டு வந்தேன்" என்று சிரித்தார் நரைத்த தம்பி.

அண்ணன் அவரை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. இப்போது ஆறு விழுந்தால் ஜெயிப்பார். ஒன்று விழுந்தால் கடைசிப் பாம்பு கடித்துவிடும். பகடையை உருட்டினார்.

"ஆறுண்ணே! ஜெயிச்சிட்டே!"

அண்ணன் நம்பவில்லை. பகடையை அசைக்காமல் அதன் மேல்பக்கத்தைத் தடவினார். பார்வை போனபிறகு அவருக்கு விரல்தான் கண்.

ஒரே ஒரு குழி.

"கள்ளப்பயலே, நீ இன்னும் திருந்தலடா" என்றபடி தம்பியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை.