மூன்றாவது திரை

சேலைத் தலைப்பில் முடிந்திருந்த அட்சதையை அவிழ்த்து, அவள் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

பந்தியறையில் வேறு யாரும் இல்லை. இலை போட இன்னும் நேரமிருந்தது. சுவரோரம் வாடகை டிவி ஒன்று நின்றது.

டிவியில் அவள் மகன் செழியன் மணவறையில் உட்கார்ந்திருந்தான்.

மணவறை மாடியில். அவள் கீழே.

எல்லாம் மாப்பிள்ளையான மகனின் ஏற்பாடுதான். மணவறைக்கு எதிரே அவனுடைய போனை நிறுத்தி, அதிலிருந்து மூன்று திரைக்குப் படம். மேடைக்கு இருபுறமும் இரண்டு பெரிய திரை, ஊருக்கு. மூன்றாவது, அம்மாவுக்கு.

“மூணுலயும் ஒரே நேரத்துல தெரியும்மா. நீ மேல வந்து நின்னு, பொண்ணு வீட்ல யாராச்சும் ஒண்ணு சொல்லி... எதுக்கு?”

கெட்டிக்காரப் பிள்ளை. மாடியைக் கீழே கொண்டுவரத் தெரிந்தது. தாயை மாடிக்குக் கூட்டிப்போகத்தான் தெரியவில்லை.

அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா போய்விட்டார். அதன்பிறகு பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன் வரை அவள்தான் முன்னால் நின்றாள். அங்கெல்லாம் அவளுடைய வெறும் நெற்றி யாரையும் உறுத்தவில்லை.

மாடியில் கெட்டிமேளம் முழங்கியது.

அவள் பதறி எழுந்தாள். “நல்லா இருய்யா” என்று, திரையில் தெரிந்த அவன் தலைமேல் அட்சதையைத் தூவினாள்.

திரையில் தாலி இன்னும் தேங்காய்மேல்தான் இருந்தது.

மேலே நடப்பது கீழே வந்துசேரக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

பிறகுதான் திரையில் மகன் தாலியை எடுத்தான். கட்டினான். எல்லார் கையிலிருந்தும் அரிசி பறந்தது.

அவள் கையில் மஞ்சள் மட்டும் இருந்தது.

வயிறு எரிந்தது. நல்ல நாளில் பெற்றவள் வயிறு எரியக் கூடாது என்று ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தாள்.

மாலையும் கழுத்துமாக மகன் மருமகளோடு சாப்பிட இறங்கிவந்தான். காலில் விழத்தான் வருகிறான் என்று அவள் இரண்டடி முன்னால் வந்தாள்.

அவன் அவளைத் தாண்டி டிவியிடம் போனான்.

“யாரும்மா இதுல அரிசியைப் போட்டது? வாடகை டிவி!”

நெய்யில் பிசைந்த அட்சதை. திரையில் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தது.

“தெரியலப்பா.”

அவன் பட்டுத் துண்டின் நுனியால், ஒரு மணி விடாமல், பொறுமையாகத் துடைத்தான்.